கல் சுமந்தால் கஞ்சி

நாட்டின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. பெயர் எழுதுவதென்றால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அங்கே எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒரு வயிற்றில் பிறந்தவள் இல்லை, சித்தி மகள். அம்மாவைச் சிங்கப்பூர்ச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தியை அந்த நாட்டில் நெல் மில்லில் இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். நானும் இவளும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே தடவைதான். என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம் அவள் பேரம் பேசியதை நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு விலை கேட்கவே வாய் வராது. அவள் இருந்த நாட்களில் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கஞ்சிக் கூடத்தில் சமைக்கிறாள். மேலே மலையில் ஓயாமல் சண்டை. வீட்டை விட்டுவிட்டு இறங்கி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும். அதற்கான அரிசியும் பருப்பும் எங்கள் கோயிலிலிருந்து போனது.

எங்கள் கோயில் என்றால் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வேதக் கோயில். அதில் எங்கள் அன்பியம் பன்னிரண்டு பதிமூன்று குடும்பம். அன்பியம் என்பது வீட்டுக்கு வீடு கூடிச் செபம் சொல்கிற கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் இடியப்பம், உளுந்து வடை, கேசரி விற்று, அந்தக் காசில் அரிசி அனுப்புவோம். வடை மாவு என் பொறுப்பு. சனிக்கிழமையே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் செம்பவாங்கிலிருந்து ரயிலில் தூக்கிக்கொண்டு வருவேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் ஊர்ப் பிள்ளைகள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு அன்று ஒரு நாள் தேக்கா பக்கம் வருவார்கள். மீதிச் சில்லறையை வாங்காமல் போவதும் அவர்கள்தான்.

தங்கச்சி ஊரில் தமிழ்ப் பூசை கிடையாது. கொரோனா சமயத்தில் எங்கள் கோயில் தூணில் ஒரு கேமரா மாட்டி, பூசையை வீட்டிலிருந்தே பார்க்கும்படி செய்தார்கள். நோய் போன பிறகும் நடக்க முடியாதவர்களுக்காக அதைக் கழற்றாமல் விட்டுவைத்தார்கள். நாளடைவில் அது அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம். என் தங்கச்சியும் அக்கம்பக்கத்தில் இருக்கிற சில தமிழ்க் குடும்பங்களும் கன்னியர் மடத்து முற்றத்தில் கூடி, ஒரு போனைச் சன்னலில் சாய்த்து வைத்து, எங்கள் பூசையைத்தான் பார்ப்பார்கள். பூசை முடிந்ததும் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"அக்கா, சேலை நல்லா இருந்துச்சு. ஆனா பிரசங்கத்துல தூங்கிட்ட."

"நான் எங்க தூங்குனேன்?"

"தலை முன்னால போயிட்டுப் போயிட்டு வந்துச்சே. இங்க இருக்கற புள்ளைங்ககூட சிரிச்சுச்சுங்க."

எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். அவளோடு பேசும்போது மட்டும் எனக்குக் கூச்சம் இருக்காது. முகம் போனுக்குள் சின்னதாக இருப்பதாலோ என்னவோ.

ஒரு ஞாயிறு அவள் சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பங்கரையில் மூலையில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினாள். ஊர் எல்லையில் புதிதாகச் சிப்பாய்கள் முகாம் போட்டிருக்கிறார்கள். அரிசி லாரி அந்த வழியாகத்தான் வர வேண்டும். வரும்போதே பாதி மூட்டை அங்கே இறங்கிவிடுகிறது. "அதக்கூட விட்டுரலாம்க்கா," என்றாள். "முகாமுக்கு ரோடு போடுறானுங்க. விடிஞ்சதும் கூடத்து வாசல்ல ஒருத்தன் வந்து நிக்கிறான். கொஞ்சம் பெரிய புள்ளைங்கள எல்லாம் ஓட்டிட்டுப் போறான். ஆத்துலேருந்து கல்லு சுமந்து கொட்டுனாத்தான் கஞ்சி. வராத புள்ளைக்கு ஊத்தக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்றான். கரண்டி என் கையில இருக்கு, யாருக்கு ஊத்தணும்னு அவன் சொல்றான்."

"சிஸ்டருங்க கேக்கலையா?"

"கேட்டாங்க. கூடத்தையே மூடிருவேன்னான்."

பெரிய பிள்ளை என்று அவள் சொன்னது பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளை. ஒரு பெண் பிள்ளைக்குக் கால் விரலில் கல் விழுந்து நகம் கழன்றுவிட்டதாம். மறுநாளும் வரிசையில் வந்து நின்றதாம். வராவிட்டால் தம்பிக்கும் கஞ்சி கிடைக்காதே.

"உங்க ஆளுங்ககிட்டச் சொல்லுக்கா. அரிசி எப்படிச் செலவாகுதுன்னு அவுங்களுக்குத் தெரியணும். என் பேரு மட்டும் வேணாம்."

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அதனால் அன்பியத் தலைவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். தலைவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லி முடிக்கிற வரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு வடை விற்று முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, அவரே எடுத்துச் சொன்னார். சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது என்பதையும் சொன்னார். யார் சொன்னது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாதவர்கள் எங்களில் இல்லை.

தலைவருடைய மகளும் அன்று வந்திருந்தாள். நன்றாகப் படித்த பெண். வெளிநாட்டு உதவிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஆபீசில் வேலை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய நாடுங்க இப்படித்தான் செய்யும், அங்கிள், ஆன்ட்டி," என்று ஆரம்பித்தாள். "எய்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி கண்டிஷன் போடுவாங்க. ஜெயில்ல போட்டவங்கள விடு, சின்னப் பிள்ளைங்கள வேலை வாங்காதே, ஹியூமன் ரைட்ஸ மதி, அப்புறம்தான் பணம். நாமளும் அந்த மாதிரி செய்யலாம். பிள்ளைங்களக் கல்லு சுமக்க வைக்கிற வரைக்கும் அரிசி இல்லைன்னு சொல்லிடலாம்."

எங்களில் தேக்காவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வயதில் எனக்குக் கொஞ்சம்தான் மூத்தவர். இடியப்பம் அவர் பொறுப்பு, பூசையில் வாசிக்கிற மன்றாட்டு எழுதுவதும் அவர் பொறுப்பு. யாருக்கும் பயப்பட மாட்டார்.

"பெரிய நாடு நிறுத்துனா அங்க உள்ள மந்திரிக்கு வலிக்கும்," என்றார். "நாம நிறுத்துனா யாருக்கும்மா வலிக்கும்? அந்தச் சிப்பாய் பட்டினி கிடப்பானா? புள்ளைங்கதான கிடக்கும்."

"நாம நிறுத்தலைன்னா அந்தக் கல்லுக்குக் கூலி நம்ம அரிசிதான், ஆன்ட்டி."

நான் அரைத்த உளுந்தும் அவர் பிழிந்த இடியப்பமும் சேர்ந்து ஒரு பிள்ளையின் நகத்தைக் கழற்றியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முகாமுக்கும் நம் அரிசியில் பங்கு போகிறது, அதனால் நிறுத்தினால் அவர்களுக்கும் உறைக்கும் என்றார். கஞ்சிக் கூடத்தில் இருக்கிற இருப்பு தீர்வதற்குள் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

கடைசியில், பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போவது நிற்கிற வரை அரிசி போகாது என்று முடிவானது. நின்றதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாரா வாரம் தங்கச்சியிடம் கேட்டு நான் சொல்ல வேண்டும்.

கடைக்கார அக்கா பாத்திரம் கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார், "அவன் புள்ளைங்களுக்குச் சட்டம் போடுறான். நாம அவனுக்குச் சட்டம் போடுறோம். நடுவுல பானை காலியாக் கெடக்கு."

அன்று கடைசி வடைகளை வாங்க வந்த துவாஸ் பையன்கள் என்ன கூட்டம் என்று கேட்டார்கள். அக்கா சொன்னார். அதில் ஒருவன், "எங்க டார்மிட்டரிச் சாப்பாட்டுக்கும் யாராச்சும் இப்படி ஒரு கண்டிஷன் போடுங்கம்மா. சாம்பாருக்குள்ள காய் இருந்தாத்தான் காசுன்னு," என்றான். சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் இன்னொருவன் கேட்டான், "அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க என்ன திங்கும்?"

தங்கச்சியிடம் முடிவைச் சொன்னபோது அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு "சரிதான்," என்றாள். "நானா இருந்தாலும் அதான் செய்வேன். ஊத்தறது நாந்தானே, எனக்கு வேற மாதிரி இருக்கு."

முகாம் அதிகாரியிடம் பெரிய சிஸ்டர் பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூர்க்காரர்கள் அரிசி அனுப்ப யோசிக்கிறார்கள், பிள்ளைகள் கல் சுமப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று. அவன் கேட்ட முதல் கேள்வி, "அவங்களுக்கு யார் சொன்னது?" வருகிறவர்கள் போகிறவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று சிஸ்டர் சமாளித்துவிட்டார்.

கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. தங்கச்சி காட்டுக் கீரையைப் போட்டாள், மரவள்ளியைப் போட்டாள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் சோற்றுப் பருக்கை, மற்றவர்களுக்கு வடித்த கஞ்சித் தண்ணீர் என்றானது. ஒவ்வொரு ஞாயிறும் தலைவர் கேட்பார். இன்னும் நிற்கவில்லை என்று நான் சொல்வேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த வாரங்களில் எங்கள் வடை ருசியாக இருந்தது என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டத் தெரியாது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

பிறகு ஒரு ஞாயிறு தங்கச்சி, "நின்னுருச்சுக்கா," என்றாள். முகாமிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததோ, மேலிடத்திலிருந்து யாராவது வருவதாக இருந்ததோ, தெரியவில்லை. விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பவன் வருவதில்லை. அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். முற்றத்தில் பிள்ளைகள் செருப்பை எறிந்து எறிந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை நொண்டியபடி ஓடியது. அதுதான் அந்தப் பிள்ளையா என்று நான் கேட்கவில்லை.

கோயில் கூடத்தில் போய்ச் சொன்னேன். தலைவர் கையைக் கூப்பினார். அவர் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இட் வொர்க்ட், ஆன்ட்டி," என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாளே அரிசிக்குச் சொல்லிவிட்டார்கள். இதை நான் மறைக்கக் கூடாது. நிபந்தனை போட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் விளையாடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பூசையில் பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணமும் சொன்ன பிறகு மன்றாட்டுகள் வரும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அன்பியம் எழுதி வந்து வாசிக்கும். எங்கள் முறை வந்தால் கடைக்கார அக்காதான் எழுதுவார். நோயாளி என்று பொதுவாக எழுத மாட்டார். இன்னார், இன்ன புளோக் வீடு, இன்ன ஆஸ்பத்திரி என்று எழுதுவார். பெயர் சொல்லாத செபம் விலாசம் எழுதாத தபால் என்பது அவர் கொள்கை. எங்களுக்கும் அது பிடிக்கும். தன் பெயர் பீடத்தில் வாசிக்கப்பட்டால் பாதி நோய் போய்விட்டது என்று சொல்பவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு.

அரிசி அனுப்பிய அடுத்த வாரம் எங்கள் முறை. அக்கா வாசிக்க எழுந்தார். உலகத்துக்கு, திருச்சபைக்கு, மழைக்கு என்று வழக்கம்போல் போய், பிறகு நன்றி மன்றாட்டுக்கு வந்தார். சிப்பாய்களின் கொடுமைக்கு அஞ்சாமல் எங்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லி, கல் சுமந்த பிள்ளைகளை மீட்ட எங்கள் அன்புச் சகோதரி என்று சொல்லி, என் தங்கச்சியின் பெயரை முழுசாக வாசித்தார். ஊர்ப் பெயரையும் வாசித்தார். அவருடைய நல்ல குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கப் பதில் சொன்னது. நான் தூணில் இருந்த கேமராவைப் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் தங்கச்சி கூப்பிட்டாள். "கேட்டேன்க்கா," என்றாள்.

"எத்தனை பேர் இருந்தீங்க?"

"எப்பவும் வர்றவங்கதான். எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி கை தட்டுனா." சிரித்தாள். சிரித்துக்கொண்டே துடுப்பால் பானையைக் கிண்டினாள். அடியில் ஒன்றும் பிடித்திருக்காது, சும்மா கிண்டினாள். "நல்லவங்கதான் அக்கா, காட்டிக்கொடுக்கறவங்க இல்ல."

காட்டிக்கொடுக்கவும் இல்லை. பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சந்தையில் மிளகாய் வாங்கும்போது பெருமை தாங்காமல் சொல்லியிருக்கிறாள். சிங்கப்பூர்க் கோயிலில் எங்க தெருக்காரி பேரை வாசித்தார்கள், இவள் தைரியமாகச் சொல்லித்தான் கல் சுமப்பது நின்றது என்று. சந்தையில் சிப்பாய்களும்தான் காய் வாங்குவார்கள்.

அடுத்த ஞாயிறு போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அடிக்கவே இல்லை. சிஸ்டர் வேறு ஒரு நம்பரிலிருந்து தலைவரைக் கூப்பிட்டு, விசாரணைக்கு என்று தங்கச்சியைக் கூட்டிப்போயிருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். அரிசி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நான் தேக்காவில் அக்கா கடைக்குப் போனேன். திட்டப் போகவில்லை. எனக்குத் திட்டவும் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை, போனேன். அவர் கல்லாவில் உட்காராமல் உள்ளே வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு தலைவர் சொன்னாரு," என்றார் என்னைப் பார்த்ததும். "நான் பேப்பர்ல போடக் கூடாது, போன்ல குரூப்புல போடக் கூடாதுன்னு நெனச்சேன். பீடம் வெளியவா? நீயே சொல்லு. கோயில் வெளியவா? கடவுள்கிட்டத்தான சொன்னேன்."

சரிந்து கிடந்த வெங்காயம் ஒன்றை எடுத்து மூட்டைமேல் வைத்தேன்.

"அந்தக் கேமரா இருக்கறது எனக்கு ஞாபகமே இல்லை. முழங்கால் வலின்னு ஒரு நாள் வீட்டுல கிடந்து அதுலதான் பூசை பாத்தேன். ஆனாலும் ஞாபகம் வரலை." மூக்கைச் சிந்தினார். "என்னை ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயேன். இப்படி நிக்கிறியே."

வெளியே சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூக்கடையில் பாட்டு. மருமகள் டீ வாங்கி வந்து கொடுத்தாள். இருவரும் குடித்தோம். அக்கா எனக்கு ஒரு பொட்டலம் உளுந்து கட்டிக்கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்காவிட்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

தலைவரின் மகள் எங்கெங்கோ எழுதினாள். மனித உரிமை பார்க்கிற பெரிய பெரிய சபைகளுக்கெல்லாம் எழுதினாள். பதில் வந்தது. கவலை தெரிவித்து வந்தது. பெயரை உலகம் முழுக்கப் பரப்பலாமா, பரப்பினால் பாதுகாப்பா, இல்லை இன்னும் ஆபத்தா என்று ஒருவர் அவளிடம் கேட்டாராம். அவள் என்னிடம் வந்து கேட்டாள். "நீங்க ஃபேமிலி, ஆன்ட்டி. நீங்கதான் டிசைட் பண்ணணும்." ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனவள் நான். இதை எப்படி முடிவு பண்ணுவேன்? வேண்டாம்மா, பெயர் வேண்டாம் என்றேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. ராத்திரி படுத்தால் அவள் எந்தத் தரையில் படுத்திருக்கிறாளோ என்றுதான் ஓடும். காலையில் எழுந்து பேரப்பிள்ளைகளுக்கு ரொட்டியில் காயா ஜாம் தடவும்போதும் அதுவே ஓடும்.

மழைக்காலம் வந்த பிறகு ஒரு ஞாயிறு, நான் வடைக்கு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் முகம்தான். கையில் மாவோடு கூடத்துக்கு வெளியே மாமரத்தடிக்கு ஓடினேன்.

அவள் இளைத்திருந்தாள். தலையில் இறுக்கமாகத் துணி கட்டியிருந்தாள். அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பக்கத்தில் பச்சைச் சட்டைக் கை ஒன்று முழங்கை வரை தெரிந்தது. மேசையில் அசையாமல் கிடந்தது.

"அக்கா, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றாள். ஒரு நாளும் என்னை அவள் வாங்க போங்க என்று பேசியதில்லை.

"இருக்கேன். நீ எப்படி இருக்க? சாப்பிட்டியா?"

"நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நான் உடம்பு சரியில்லாம சிகிச்சைக்குப் போயிருந்தேன். இப்ப சுகம். புள்ளைங்க யாரும் வேலை செய்யல. பள்ளிக்கூடம் போறாங்க. முன்னாடி நான் சொன்னது தப்பாச் சொல்லிட்டேன். அரிசியத் தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்க."

"அடியே," என்றேன்.

"உன் கையில என்ன, மாவா?" என்று கேட்டாள். அது மட்டும் அவள் குரல். உடனே சட்டைக் கை அசைந்தது. "வெச்சிடறேன் அக்கா," என்று வைத்துவிட்டாள்.

மாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மாவு விரலில் காய்ந்து இழுத்தது.

உள்ளே போனால் தலைவர், அவர் மகள், அக்கா, மற்றவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். தங்கச்சி போன் பண்ணினாள் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எனக்கு அப்படி யாரும் நாற்காலி போட்டதில்லை.

"என்னம்மா சொன்னாங்க? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் பார்த்த பச்சைச் சட்டையைச் சொல்லலாம். சொன்னால் அரிசி நிற்கும். நின்றால் அந்த அதிகாரி மறுபடி, "அவங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்பான். இந்தத் தடவை அவனுக்கே பதில் தெரியும். அவள் சொன்னதை அப்படியே சொல்லலாம். சொன்னால் அரிசி போகும். பாதி முகாமில் இறங்கும். மீதியை அவள் பானையில் போடுவாள். யாருக்கு ஊற்றுவது என்று வாசலில் நிற்பவன் சொல்வான்.

"நல்லா இருக்காங்களாம்," என்றேன். "புள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்களாம். அரிசி அனுப்பச் சொன்னா."

"ஸ்தோத்திரம்," என்று யாரோ சொன்னார்கள். தலைவர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்போ நம்ம கண்டிஷன் நிறைவேறிடுச்சு," என்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் இடியப்பத் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

தலைவரின் மகள் என்னோடு ரயில் நிலையம் வரை நடந்து வந்தாள். வழியில் கேட்டாள், "ஆன்ட்டி, அவங்க சொன்னத நீங்க நம்புறீங்களா?"

"அவ சொன்னத நான் சொல்லிட்டேம்மா."

அவள் நின்றுவிட்டாள். கெட்டிக்காரப் பெண். என் கையிலிருந்த மாவு வாளியை வாங்கிக்கொண்டு, ரயில் கதவு வரை வந்து தந்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வருவது குறைந்துவிட்டது. ஆபீசில் வேலை அதிகம் என்கிறார் தலைவர்.

அரிசி இப்போது ஒழுங்காகப் போகிறது. தங்கச்சி பெரும்பாலான ஞாயிறுகளில் கூப்பிடுகிறாள். பக்கத்தில் சில நாள் ஆள் இருக்கிறான், சில நாள் இல்லை. இல்லாத நாளிலும் அவள் அதே மாதிரிதான் பேசுகிறாள். எங்கள் பூசையை இப்போது அங்கே யாரும் பார்ப்பதில்லையாம்.

போன ஞாயிறு போனை அவள் அடுப்புக்கு எதிரே வைத்திருந்தாள். பின்னால் கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். தலையில் கூடை. மழையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கூடையின் கனத்தில் சின்னப் பிள்ளைகளின் கழுத்து உள்ளே போயிருந்தது. ஒவ்வொருவராகக் கதவைக் கடந்துகொண்டே இருந்தார்கள். என் கண் போகிற இடத்தைத் தங்கச்சி பார்த்தாள். எழுந்து கதவைச் சாத்தவில்லை. போனையும் திருப்பவில்லை. நான் பார்த்து முடிக்கிற வரை கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அரிசி வந்து சேர்ந்துச்சு அக்கா. புள்ளைங்க சாப்பிடறாங்க," என்றாள். அதில் பொய் இல்லை.

கூடத்தில் தலைவர் கேட்டார். வந்து சேர்ந்துவிட்டதாம், சாப்பிடுகிறார்களாம் என்றேன். கதவைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த வாரம் திருநாள், கூட்டம் அதிகமாக வரும், உளுந்தைக் கூடப் போட வேண்டும் என்று பேசினார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.